குடியிருந்த வீடும் கொடுக்க வேண்டிய ஹக்கும்

இல்லத்தை மனிதனுக்கு அமைதி தரும் இடமாக ஆக்கியிருப்பதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக வல்ல இறைவன் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் எடுத்துரைக்கின்றான். ஆனால், அமைதிக்கென அமைந்த அந்த இல்லமே இன்று எத்தனையோ குடும்பங்களில் அமைதியின்மைக்குக் காரணமாகிவிட்டது. வீட்டுக்காரரைக் கண்டால் குடித்தனக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குடித்தனக்காரர் ஸலாம் சொன்னால் வீட்டுக்காரர் பதில் சொல்லத் தயங்குகிறார். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நின்று தொழுதவர்கள், பள்ளிவாசல் படியிறங்கியதும் வக்கீல் வீட்டை நோக்கி வெவ்வேறு திசையில் நடக்கின்றனர்.

பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வருவது நசரத்பேட்டை. ஒரு காலத்தில் வயல்களும் ஏரிப் பாசனமுமாக இருந்த இவ்வட்டாரம், நம் கண் முன்னேயே வாடகை வீடுகளின் வட்டாரமாக மாறிவிட்டது. வெளிவட்டச் சாலை இங்கேதான் நெடுஞ்சாலையைக் குறுக்கிடுகின்றது. அண்மையிலேயே பொறியியல் கல்லூரி உண்டு. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வண்டிகள் இவ்வழியே செல்கின்றன. பூந்தமல்லி வரை மெட்ரோ ரயிலுக்கு மேம்பாதையும் எழுப்பப்பட்டுள்ளது. ஆகவே தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவரும், மாணவர்களும், வடமாநிலத் தொழிலாளரும் இங்கே வீடு தேடுகின்றனர். ஓய்வூதியப் பணத்தையும் வளைகுடா நாட்டில் உழைத்துச் சேர்த்ததையும் கொண்டு மாடியில் இரண்டு போர்ஷன் கட்டி, அந்த வாடகையை நம்பி வாழும் முதியவர்களும் இங்கே பலர். வாடகைப் பூசலில் ஏழை யார், வல்லவர் யார் என்று எப்போதும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. இரு பக்கத்திலும் கண்ணீர் உண்டு.

இப்பூசல்களைப் பற்றி நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிவது வாசகர்கள் அனைவருக்கும் பயன்தரும். அதற்கு முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வழக்கில் வெல்வது வேறு. பிறர் ஹக்கிலிருந்து விடுபடுவது வேறு. முதலாவது நீதிமன்றத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது மஹ்ஷர் மைதானம் வரை நம்மோடு வரும்.

வாடகை என்பது யாது?

வாடகை ஒப்பந்தத்தை ஃபிக்ஹு நூல்கள் ‘இஜாரா’ என்று குறிப்பிடுகின்றன. பொருளை விற்பது வியாபாரம். பொருளின் பயனைக் குறிப்பிட்ட காலத்திற்கு விற்பது இஜாரா. வீடு உரிமையாளருக்கே உரியது. அதில் வசிக்கும் பயன் மட்டும், பேசிய காலம் வரையில், குடியிருப்பவருக்கு உரியது. இந்த ஒரு வரையறையை இரு தரப்பாரும் விளங்கிக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். வீடு என்னுடையதுதானே என்று சொல்லி, குடியிருப்பவர் இல்லாத நேரத்தில் மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே செல்லும் உரிமையாளர், தாம் விற்றுவிட்ட பயனில் கை வைக்கின்றார். பல ஆண்டுகள் இருந்துவிட்டேன், இனி யார் என்னை அசைக்க முடியும் என்று எண்ணும் குடித்தனக்காரர், தாம் வாங்காத பொருளுக்கு உரிமை கொண்டாடுகின்றார்.

மூஸா நபி (அலை) அவர்கள் மத்யன் நகரத்துப் பெரியவரிடம் கூலிக்கு அமர்ந்த வரலாற்றை அல்கஸஸ் அத்தியாயம் விரித்துரைக்கின்றது. எட்டு ஆண்டுகள் என்பது ஒப்பந்தம். பத்தாக நிறைவு செய்வது அவர்களின் விருப்பம். காலமும் பணியும் ஐயமின்றிப் பேசப்பட்டன, அல்லாஹ்வே சாட்சியாக்கப்பட்டான். மூஸா நபி (அலை) அவர்கள் கூடுதலான காலத்தையே நிறைவேற்றினார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து அறிகிறோம். இஜாராவிற்கு ஆதாரமாக இமாம்கள் எடுத்துக்காட்டும் இவ்வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. பேசும்போது தெளிவு வேண்டும்; நிறைவேற்றும்போது தாராளம் வேண்டும். நாமோ பேசும்போது தாராளமாக, ‘உங்களுக்குத் தெரியாததா பாய், பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறோம். நிறைவேற்றும்போதுதான் கணக்குக் காட்டுகிறோம்.

வாடகை இவ்வளவு, காலம் இவ்வளவு, பயன் இன்னது என மூன்றும் அறியப்பட்டிருக்க வேண்டும் என்பது இஜாராவின் நிபந்தனை. மோட்டார்க் கட்டணம் யாருடையது, மாடிப்படி விளக்கு யாருடையது, வண்டி நிறுத்த இடம் உண்டா, ஊரிலிருந்து வரும் உறவினர் எத்தனை நாள் தங்கலாம் என்பனவெல்லாம் சிறு காரியங்களாகத் தோன்றும். ஆனால் பள்ளிவாசல் ஜமாஅத்தின் முன் வந்து நிற்கும் வழக்குகளைக் கூர்ந்து பார்த்தால், அவற்றிற் பெரும்பாலானவை இத்தகைய பேசப்படாத சிறு காரியங்களிலிருந்தே முளைத்தவை என்பது விளங்கும்.

முன்பணம் யாருடைய பணம்?

பூசல்களுள் தலையாயது, அட்வான்ஸ் என மக்கள் வழங்கும் முன்பணம். மாதம் 8,000 ரூபாய் வாடகை வீட்டிற்குப் பத்து மாத முன்பணம் எனில் 80,000 ரூபாய். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் இத்தொகையைக் கட்டிய குடும்பங்களை நீங்களும் அறிவீர்கள். காலி செய்யும் நாளில் அத்தொகையைக் கேட்டால், ‘அடுத்த குடித்தனம் வரட்டும், வாங்கித் தருகிறேன்’ என்ற பதில் வருகின்றது. அடுத்த குடித்தனம் மூன்று மாதம் வராவிட்டால், அதுவரை இவர் எங்கே செல்வார்? புது வீட்டுக்காரர் இவரிடம் முன்பணம் கேட்க மாட்டாரா?

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர், குடியிருப்பவர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்துவது இச்சட்டத்தின் நோக்கம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கண்டிராவிடில், மூன்று மாத வாடகைக்கு மேற்பட்டு முன்பணம் கேட்கலாகாது என்றும், வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்திற்குள், நியாயமான பிடித்தம் போக, அதனைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இச்சட்டம் கூறுகின்றது. மேற்சொன்ன வீட்டிற்கு இக்கணக்கில் 24,000 ரூபாய்தான் முன்பணம்.

மார்க்கத்தின் பார்வை இதனினும் கூர்மையானது. முன்பணத்தை உரிமையாளர் தொடாமல் காத்து வைத்தால் அது அமானிதம். அதை எடுத்துச் செலவு செய்துவிட்டால் அது அவர் கழுத்தின் மேல் ஏறிய கடன். பெரும்பாலோர் அதைக் கொண்டே மேல்மாடி கட்டுகிறார்கள். மகளின் திருமணத்தை நடத்துகிறார்கள். அவ்வாறாயின் அது கடனே. கடனைத் திருப்பித் தருவதற்கு அடுத்த குடித்தனம் வரவேண்டும் என்ற நிபந்தனை எங்கிருந்து வந்தது? வசதியுள்ளவர் கடனைத் தீர்க்காமல் நாள் கடத்துவது அநீதி என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளதை, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம்.

சுண்ணாம்பு அடிக்கும் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் நம் சென்னைப் பகுதியில் வேரூன்றிவிட்டது. வாடகைக்கு இருப்பவரின் கை, ஃபிக்ஹு மொழியில் சொன்னால், அமானிதக் கை. அவர் வரம்பு மீறினாலோ கவனக்குறைவால் பாழாக்கினாலோ ஈடு செய்ய வேண்டும். முறையாக வசித்ததால் சுவர் மங்கினால் அதற்கு அவர் பொறுப்பல்லர். அந்தத் தேய்மானத்திற்கு ஈடாகத்தானே மாதந்தோறும் வாடகை பெற்றீர்கள்? மங்கிய சுவருக்கும் தேய்ந்த தாழ்ப்பாளுக்கும் பிடித்தம் செய்வது, ஒரு பொருளுக்கு இரு விலை வாங்குவதாகும். முன்னரே பேசி, தொகையும் குறித்து, இருவரும் மனமொப்பியிருந்தால் அது வேறு. அதே வேளையில், கதவை உடைத்து, குழாயைப் பெயர்த்து, மின் கட்டணப் பாக்கியையும் வைத்துவிட்டுச் செல்லும் குடித்தனக்காரர், முன்பணத்தை முழுமையாகக் கேட்கவும் உரிமையற்றவர்.

லீசு வீடும் வட்டியும்

இனிக் கூறப்போவது பலருக்குக் கசக்கலாம். வாடகை இல்லாமல், ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்து, பின்னர் முழுத் தொகையையும் திரும்பப் பெறும் வழக்கத்தைச் சென்னையில் லீசு என்கின்றனர். வேறு ஊர்களில் போக்கியம் என்றும் ஒத்தி என்றும் சொல்வர். மாதந்தோறும் வாடகைக் கவலை இல்லை, போட்ட பணமும் குறையாது என்று நம் சமுதாயக் குடும்பங்கள் பலவும் இதனை நாடுகின்றன.

சற்று எண்ணிப் பாருங்கள். ஐந்து லட்சம் கொடுத்து, ஐந்து லட்சத்தையே திரும்பப் பெறுகிறீர்கள். எனவே கொடுத்தது கடன். அந்தக் கடன் நிலுவையில் இருந்த காலமெல்லாம் வாடகை கொடுக்காமல் வசித்தீர்களே, அந்தப் பயன் எதற்கு ஈடாகக் கிடைத்தது? கடன் கொடுத்ததற்கு ஈடாகவே கிடைத்தது. கடனைக் காரணமாகக் கொண்டு நிபந்தனையாகப் பெறும் பயன் வட்டியின் வாடையுடையது என்பது மார்க்க அறிஞர்களின் பொது விதி. வங்கியில் வட்டி வாங்க அஞ்சும் நல்லடியார்கள், வீட்டின் வடிவில் அதனை வாங்கிக்கொண்டிருப்பதை உணர்வதில்லை. முன்பணத்தை மிகுதியாகக் கொடுத்து, அதற்காகவே வாடகையைப் பெயரளவிற்குக் குறைத்துக்கொள்வதிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கின்றது.

மாற்று வழி உண்டா? உண்டு. அதே தொகையை முன்கூட்டிச் செலுத்தும் வாடகையாகப் பேசிக்கொள்ளுங்கள். மாதம் இவ்வளவு என நியாயமான வாடகையைக் குறித்து, தொகையிலிருந்து மாதந்தோறும் கழித்து வாருங்கள். இடையில் காலி செய்தால் எஞ்சியதைத் திரும்பப் பெறலாம். இதில் உரிமையாளருக்கு மொத்தப் பணமும் கிடைக்கின்றது, ஒப்பந்தமும் தூய்மையாகின்றது.

லீசில் உலக இழப்பும் உண்டு. வீட்டை முன்னரே வங்கியில் அடகு வைத்துவிட்டு, அதனை மறைத்து லீசுக்கு விடுவோர் உளர். கடன் தவணை நின்றதும், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கி வந்து வீட்டைக் கைப்பற்றும்போது, உள்ளே இருப்பவர் வீட்டையும் பணத்தையும் ஒருங்கே இழந்து தெருவில் நிற்கின்றார். வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு லட்சங்களைக் கொடுப்பவர்கள், வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். பதிவு செய்யாத போக்கியப் பத்திரம் துயர நாளில் கை கொடுப்பது அரிது. குறையை மறைத்து ஒப்பந்தம் செய்பவர், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற நபிகளாரின் எச்சரிக்கைக்கு ஆளாகின்றார் என்பதையும் நினைவிற் கொள்க.

பழுதும் மின்சாரமும் தண்ணீரும்

கூரை ஒழுகுகின்றது, யார் செப்பனிடுவது? பயன் பெறத்தக்க நிலையில் வீட்டைக் கொடுத்துவைப்பது உரிமையாளரைச் சார்ந்தது. சுவர், கூரை, மின்கம்பி, குழாய் ஆகியவற்றின் பெரும் பழுதுகள் அவருடையவை. அவர் செய்யவில்லையெனில் குடியிருப்பவர் ஒப்பந்தத்தை முறித்து வெளியேறலாம் என ஹனஃபி மத்ஹபின் நூல்கள் கூறும். ஆனால் உரிமையாளரிடம் கேட்காமலேயே செலவு செய்துவிட்டு, அதனை வாடகையில் கழிக்கலாகாது. அனுமதியின்றிச் செய்தது நன்கொடையாகவே கருதப்படும். அனுமதி பெற்றுச் செய்தால் கேட்கும் உரிமை உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையும் ஏறத்தாழ இவ்வாறே பிரிக்கின்றது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாத வரையில் கட்டடப் பழுதும் வெள்ளையடிப்பும் உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சுவிட்சு, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவருக்கு.

மின் கட்டணத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். வீட்டு மின் இணைப்புகளுக்கு இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் மின்சாரத்தைக் கட்டணமின்றித் தமிழ்நாடு அரசு 2016 முதல் வழங்குகின்றது. உள்மீட்டர் வைத்து, எல்லா யூனிட்டுக்கும் தாமே ஒரு விலை வைத்து வசூலிப்போர் இருக்கின்றனர். ‘மின்வாரியக் கட்டணப்படி’ என்று வாயால் சொல்லிவிட்டு அதற்கு மேல் வசூலித்தால், அது அளவையில் மோசம் செய்வோரைக் கேடுடையோர் எனக் கூறும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் வாசலில் போய் நிற்பதாகும். தராசில்தான் மோசடி செய்ய முடியும் என்பதில்லை, மீட்டரிலும் செய்யலாம்.

வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவதும், மின் இணைப்பைத் துண்டிப்பதும் கொடுமையிற் கொடுமை. 1960ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தடுத்தது. இன்றைய சட்டமும் தடுக்கின்றது. பாக்கி வைத்தவர் குடும்பத் தலைவர். தாகத்தால் தவிப்பது தொட்டில் குழந்தையும் படுக்கையில் கிடக்கும் மூதாட்டியும் அல்லவா? தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நபிமொழியிலிருந்து பிறந்த பெருவிதி.

பாக்கி வைப்பவர் இருவகையினர்

வாடகை பாக்கி நிற்பதால் எழும் வழக்குகளே நீதிமன்றங்களில் நிறைந்திருந்தன. பழைய சட்டம், வேண்டுமென்றே பாக்கி வைத்தவரையும் இயலாமையால் பாக்கி வைத்தவரையும் பிரித்துப் பார்த்தது. வேண்டுமென்றே என்பதன் பொருள் யாது என்ற கேள்வி தமிழ்நாட்டு வழக்குகளிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1985ஆம் ஆண்டு ஜனவரியில், நீதிபதி சையத் முர்தஸா ஃபஸல் அலி அவர்கள் இடம்பெற்ற அமர்வு அதற்கு விளக்கம் தந்தது. விளைவை அறிந்தே, மனமறிய, கொடுக்காமல் இருப்பதே வேண்டுமென்றே வைக்கும் பாக்கி. உரிமையாளர் இரு மாத அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்பியும் கொடுக்காவிடில், அது வேண்டுமென்றே வைத்ததாகக் கொள்ளப்படும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அச்சட்டம் நீங்கிவிட்டாலும், அது செய்த வேறுபாடு நெஞ்சில் நிற்க வேண்டியது. இன்றைய சட்டத்தில் இரு மாத வாடகை பாக்கி நின்று, அறிவிப்புக் கொடுத்தும் செலுத்தாதவரை வெளியேற்றக் கோரலாம்.

இதே வேறுபாட்டை மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டது. கையில் இருந்தும் கொடுக்காதவர் அநீதியாளர். கையில் இல்லாதவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறு அல்பகரா அத்தியாயம் கட்டளையிடுகின்றது. விட்டுக்கொடுத்தால் இன்னும் சிறந்தது என்றும் கூறுகின்றது. ஆலை மூடப்பட்டு வேலை இழந்தவரையும், புதுக் கைப்பேசி வாங்கிய கையோடு வாடகைக்கு மட்டும் கஷ்டம் சொல்பவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. இயலாதவரும் வாய் மூடி ஒளியக்கூடாது. வீட்டுக்காரர் வரும் நேரத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ‘அத்தா வீட்டில் இல்லை’ என்று குழந்தையைச் சொல்லச் சொல்வது, கடனோடு பொய்யையும் சேர்ப்பதாகும். நேரில் சென்று நிலையைச் சொல்லித் தவணை கேளுங்கள். கேட்பது இழிவன்று.

வாடகையை வேண்டுமென்றே வாங்க மறுத்து, பாக்கி என்று வழக்குப் போடும் தந்திரமும் பழையதே. முன்னாளில் மணியார்டர் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துவார்கள். இன்றும் வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டத்தில் வழியுண்டு. கொடுத்ததற்கு ரசீது கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது; தருவது உரிமையாளரின் கடமை.

காலி செய்யும் காலம்

பேசிய காலம் முடிந்து, முறைப்படி அறிவிப்பும் பெற்ற பின், உரிமையாளரின் சம்மதமின்றி ஒரு வீட்டில் தங்கியிருப்பதை ஃபிக்ஹு ‘ஃகஸ்பு’, அதாவது அபகரிப்பு என்றே அழைக்கும். பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநீதியாக எடுத்தவருக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக்கப்படும் என்ற நபிமொழியை அறியாதவர் யார்? காலி செய்வதற்கே ‘செலவுப் பணம்’ கேட்டு உரிமையாளரை மிரட்டும் வழக்கம் சில இடங்களில் இருந்து வருகின்றது. வெளியேறுவதற்குக் கூலி வாங்குபவர், எந்தப் பயனை விற்றார் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

உரிமையாளர் செய்யும் அநீதியும் உண்டு. மகனுக்குத் திருமணம், வீடு வேண்டும் என்று பொய்க் காரணம் கூறி வெளியேற்றிவிட்டு, மறு மாதமே கூடுதல் வாடகைக்கு வேறொருவரை வைப்பது எத்தனை வீடுகளில் நடக்கின்றது! பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளோடு ஒரு குடும்பத்தைப் பெட்டி தூக்க வைத்த பொய், சிறு பொய்யா?

இங்கே ஒரு நிலை தனியே கவனிக்கத்தக்கது. வாடகை வீட்டில் இருந்தவர் இறந்துவிட்டால் என்ன செய்வது? ஒப்பந்தக்காரர் இறந்தால் இஜாரா முடிந்துவிடும் என்பது ஹனஃபி மத்ஹப். பேசிய காலம் வரை தொடரும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். ஆயினும் விதவைப் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டியது, கணவரோடு வாழ்ந்த அதே வீட்டில்தான். தக்க காரணமின்றி அவள் இடம் மாறலாகாது. அக்காலத்தில் ‘சாவு விழுந்த வீடு, சீக்கிரம் காலி செய்யுங்கள்’ என்று சொல்லும் நாவு, ஒரு பெண்ணின் வணக்கத்தையும் துயரத்தையும் ஒருசேர மிதிக்கின்றது. அந்நான்கு மாத வாடகையை இறந்தவரின் உறவினரோ மஹல்லா ஜமாஅத்தோ ஏற்கட்டும். உரிமையாளர் பொறுமையை ஏற்கட்டும்.

பள்ளிவாசல் வக்ஃபு வீடுகளில் குடியிருப்போருக்கும் ஒரு சொல். சமய, தரும நிறுவனங்களின் கட்டடங்களுக்கு 1960ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தமிழக அரசு 1976 ஆகஸ்டில் விலக்களித்தது. இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் நிறுவனங்கள் அனைத்திற்கும் பொதுவான அவ்விலக்கை உச்ச நீதிமன்றமும் பின்னர் ஏற்றது. அற்ப வாடகையில் தரும சொத்துகள் கரைந்துபோவதைத் தடுப்பதே நோக்கம். வக்ஃபுச் சொத்தை அங்காடி வாடகைக்கு வெகுவாகக் குறைத்து விடுவது செல்லாது என்றும், குறைந்த தொகையைக் குடியிருப்பவர் நிறைவு செய்ய வேண்டும் என்றும் ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. ஆயிரங்கள் பெறும் கடையைப் பாட்டனார் காலத்து வாடகையில் வைத்துக்கொண்டு, அதே பள்ளியின் முதல் ஸஃப்பில் நிற்பவர் சிந்திக்கட்டும். அவர் வைத்திருப்பது முத்தவல்லியின் பணமன்று. எதீமின் பங்கும் இமாமின் சம்பளமும் அதில் அடங்கியுள்ளன.

எழுதி வையுங்கள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்று இறைவன் கூறுகின்றான். நாமோ, ‘நமக்குள் எழுத்து எதற்கு’ என்று சலிப்பதையே பெருந்தன்மை என எண்ணுகிறோம்.

இன்றைய சட்டம் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கின்றது. பதினொரு மாதத்திற்கு எழுதினால் பதிவு தேவையில்லை என்ற பழைய எண்ணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யக் கோரும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை ஒட்டி எழுந்தது. புதிய சட்டத்தின் எல்லைக்குட்பட்ட வீடுகளுக்கு அந்த எண்ணம் பொருந்தாது. நகர எல்லையை அடுத்த ஊராட்சிகளில் இருப்போர், தம் வீடு இச்சட்டத்தின் எல்லைக்குள் வருகின்றதா என்பதை எழுதும் முன் கேட்டறிந்துகொள்ளுதல் நலம்.

எழுதும்போது இவற்றை விடாதீர்கள்: வாடகைத் தொகையும் கொடுக்கும் தேதியும், காலமும், அது முடிந்தபின் உயர்வு எவ்வளவு என்பதும், முன்பணமும், அதனைத் திருப்பித் தரும் நாளும், மின்சாரம், தண்ணீர், பராமரிப்புக் கட்டணங்கள், எந்தப் பழுது யாருடையது என்பது, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது. குடிபுகும் நாளில் சுவர், கதவு, மின்விசிறி ஆகியவற்றின் நிலையை இருவரும் பார்த்துக் குறித்துக்கொண்டால், வெளியேறும் நாளில் நாவு நீளாது.

அதற்கு மேலும் பூசல் எழுந்தால், முதலில் ஜமாஅத்தின் பெரியவர்கள் சமாதானம் செய்யட்டும். ஹலாலை ஹராமாக்காத, ஹராமை ஹலாலாக்காத எந்தச் சமாதானமும் ஆகுமானதே. ஆனால் ஜமாஅத்தில் இருப்பவர் வீட்டுக்காரரின் மைத்துனர் என்பதற்காகக் குடித்தனக்காரரை அடக்குவது சமாதானம் ஆகாது. அங்கே தீராவிடில் வாடகை அதிகாரியையும் வாடகை நீதிமன்றத்தையும் நாடுவது எவருக்கும் உரிமை. அதனைக் குற்றமாகக் கருத வேண்டாம்.

நகரில் வீடு தேடும்போது, பெயரைக் கேட்டதும் ‘வீடு போய்விட்டது’ என்ற பதிலைக் கேட்ட வேதனை நம்மில் பலருக்கு உண்டு. அந்த வேதனையை அறிந்த நாம், நம் வீட்டை நாடி வரும் பிற சமயத்தவரிடம் அதே பதிலைச் சொல்லலாமா? ஆடு அறுத்த வீட்டில், அண்டை வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட வரலாறு நம்முடையது. குடியிருப்பவராக இருக்கும் நாளில், ஒப்பந்தத்தைக் காக்கும் நம் நடத்தையே நமக்குப் பின் வரும் அடுத்த முஸ்லிம் குடும்பத்திற்குக் கதவைத் திறக்கும் அல்லது அடைக்கும்.

வாசகர்களே! தம்மிடம் வழக்காட வருவோரில் ஒருவர் மற்றவரைவிடச் சொல்வன்மை மிக்கவராக இருக்கலாம். அவர் பேச்சைக் கேட்டுப் பிறர் உரிமையைத் தாம் அவருக்குத் தீர்ப்பளித்துவிட்டால், அவர் பெற்றுச் செல்வது நெருப்புத் துண்டே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அல்லாஹ்வின் தூதரின் தீர்ப்பே ஒருவருக்கு உரிமையில்லாததை ஹலாலாக்காது எனில், திறமையான வக்கீலும் தொலைந்துபோன ரசீதும் பெற்றுத் தந்த தீர்ப்பு ஆக்குமா?

ஆகவே, இன்று அஸருக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். திருப்பித் தராத முன்பணம் உங்களிடம் இருந்தால் அதன் கணக்கை எடுங்கள். கட்டாத வாடகை இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். உரியவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகளைத் தேடிக் கொடுங்கள். நாம் அனைவரும் இவ்வுலகில் காலம் குறித்துக் குடிவைக்கப்பட்டவர்களே. காலி செய்யும் நாள் உரிமையாளனுக்கு மட்டுமே தெரியும். பிறர் ஹக்கு நம் கழுத்தில் இல்லாத நிலையில் அந்நாளை அடைய அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.